அளவுச் சட்டை

எனக்குத் தைக்கத் தெரிந்தவை நான்கே நான்கு: ஒரு ரவிக்கை, ஒரு கவுன், ஒரு பைஜாமா, ஒரு சட்டை. நான்குக்கும் பிரவுன் பேப்பரில் வெட்டிய கட்டிங்குகள் வைத்திருந்தேன். அவற்றைச் சுருட்டி நூலால் கட்டி, மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில், சுவாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டிருப்பேன். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ பரம்பரை ஜாதகக் கட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அதை அப்படித்தான் நடத்தினேன். குளிக்காமல் தொடுவதில்லை என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் ரொம்ப மிகை இல்லை.

அறுபதுகளில் பம்பாயில் உடுப்பு மாறிய வேகம் சாதாரணமானதல்ல. ரவிக்கையின் கை முழங்கையிலிருந்து மேலே ஏறியது, இன்னும் ஏறியது, கடைசியில் சிலருக்குக் காணாமலே போயிற்று. கழுத்து அகன்றது. டெரிலின் துணி வந்தது, அதைப் போட்டுக்கொண்டவர்கள் கசங்காமல் வியர்த்தார்கள். என் நான்கு கட்டிங்குகளும் எதற்கும் அசையவில்லை. ஒரு தடவை பொருந்திவிட்டது என்றால் அதில் என்ன பரீட்சை வேண்டிக் கிடக்கிறது? ரசத்தை யாராவது வருஷத்துக்கு வருஷம் மாற்றுகிறார்களா? எதிர் வீட்டு மாமி, "பழகப் பழகப் பாலும் புளிக்கும்டி" என்று சொல்லிப் பார்த்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா, நான் கேட்கவில்லை. எங்கள் பழைய போட்டோக்களை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால், என் பெண் ஒரே கவுனில் ஒரு வயதிலிருந்து நாலு வயது வரை வளர்ந்துகொண்டே போகிறாள். துணியின் நிறம் மட்டும்தான் மாறியிருக்கும், அதுவும் கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியாது.

கட்டிங் செய்ய எனக்கென்று ஒரு வழி இருந்தது. டேப்பை வைத்து ஆளை அளந்து, கணக்குப் போட்டு, தாளில் கோடு இழுக்கிற வித்தை எனக்கு வராது. நன்றாகப் பொருந்துகிற ஓர் உடுப்பை வாங்கிக்கொள்வேன். அதுதான் அளவு உடுப்பு. பழைய பிளேடால் அதன் தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கை வேறு முதுகு வேறு காலர் வேறாக்கி, இஸ்திரி போட்டுத் தாளின் மேல் பரப்புவேன். சுற்றிப் பென்சிலால் வரைந்து, தையலுக்கு ஒரு விரற்கடை விட்டு வெட்டினால் கட்டிங் தயார். பிரித்துப் போட்ட துணி பொய் சொல்லாது என்று பெருமையடித்துக்கொள்வேன். துணி பொய் சொல்லாதுதான்.

சட்டையின் கட்டிங்தான் என் நான்கில் ராஜா. கல்யாணமாகி நான் பம்பாய் வந்தபோது, அப்பா சீராகக் கொடுத்த கை மெஷினும் கூடவே ரயிலில் வந்தது. என் கணவர் அதுவரை இதே மாட்டுங்காவில் ஒரு நண்பரோடு ஓர் அறையில் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த நண்பருக்குப் பூனாவுக்கு மாற்றலாகிவிட்டது. கல்யாணத்துக்கு வர அவருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் அவரைப் பார்த்ததேயில்லை. குடித்தனம் தொடங்கிய முதல் வாரமே நான் கணவரிடம், இனிமேல் தையற்காரனுக்குக் கூலி கொடுக்க வேண்டாம், உங்களுக்கு ரொம்பப் பொருந்துகிற சட்டையாக ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் டிரங்குப் பெட்டியை வெகுநேரம் கிளறினார். கடைசியில் வெள்ளையில் நீலக் கோடு போட்ட ஒரு நல்ல சட்டையை எடுத்து நீட்டிவிட்டு ஆபீஸ் போனார்.

சாயங்காலம் அவர் திரும்பி வருவதற்குள் சட்டையை முழுக்கப் பிரித்துத் தரையெல்லாம் பரப்பியிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். பிறகு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். என் கைத்திறமையைப் பார்த்து மலைத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "நன்னாப் பிரிச்சிருக்கே," என்றார். அவரிடமிருந்து கிடைத்த முதல் பாராட்டு அது. இரண்டு நாள் அதை மனதில் வைத்துச் சீராட்டினேன்.

முதல் சட்டை தைத்து முடித்ததும் அவர் போட்டுக்கொண்டார். மார்பு சரியாக இருந்தது. கை நீளமாக வந்தது, மடித்து விட்டேன். கழுத்துப் பொத்தான்தான் எட்டவில்லை. இங்கே அவருடைய கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்குக் கழுத்து என்று தனியாக ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குள்ளமான, தோள் அகன்ற, உறுதியான ஆள். மெஸ் சாப்பாடு போய் வீட்டுச் சாப்பாடு வந்ததும் உடம்பு பூரித்துவிட்டது, அதனால்தான் பொத்தான் எட்டவில்லை என்று நான் முடிவு கட்டினேன். பத்தே நாளில் கழுத்துப் பெருக்கும்படி சமைத்துப் போட்டிருக்கிறேன் என்று ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன். "பொத்தான் போட்டுக்கறது வழக்கமில்லை," என்று அவர் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

அவருடைய கையைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. ரயிலில் எல்லோரும் மேலே கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். இவர் மட்டும் கூட்டத்தில் கையைத் தொங்கவிட்டபடி, யார் இடித்தாலும் சாய்ந்து கொடுத்து நிற்பார். எவ்வளவு அடக்கமான மனுஷர் என்று நான் பூரித்துப்போவேன். கையைத் தூக்கினால் சட்டை அக்குளில் பிடித்து இழுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் கட்டடத்தில் சீக்கிரமே என் சட்டைக்குப் பேர் வந்துவிட்டது. எதிர் வீட்டு மாமி முதலில் கட்டிங்கைக் கேட்டு வாங்கி, பழைய நியூஸ் பேப்பரில் பிரதி எடுத்துக்கொண்டாள். அவளிடமிருந்து மாடிக்குப் போயிற்று, மாடியிலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிற்று. காலை ஒன்பது மணிக்கு மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு நடக்கிற ஆபீஸ் கூட்டத்தில் என் சட்டையைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வேன். எல்லோருக்கும் கழுத்துப் பொத்தான் திறந்திருக்கும். அதுதான் இப்போது ஆண்களுக்கு நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சட்டையில் எனக்கு வராதது ஒன்றே ஒன்று, காஜா. பொத்தான் துளையைக் கையால் கட்டினால் அது எனக்குக் கிழிசல் மாதிரியே வரும். அதற்காக ரயில் பாலத்தைத் தாண்டித் தாராவிக்குப் போவேன். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் நாள் முழுவதும் காஜா மட்டும் போடுவார். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சட்டையை விரித்ததும் அதைப் போடுகிற ஆளைச் சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பேர். ஒரு நாள் என் சட்டையை விரித்துக் காலரைத் தடவிப் பார்த்துவிட்டு, "யம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடப்படாது. இதப் போடுத சாரு நல்ல ஒசரம், கழுத்து மெலிஞ்ச ஆளு. சரிதானா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. குள்ளமான ஆள் என்று சொல்வதற்கும் வெட்கமாக இருந்தது. காஜாவை மட்டும் பார்த்தால் போதும், கழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். ஆளைப் பார்க்காமலே அளவு சொல்கிறாராம் என்று வீட்டில் வந்து கணவரிடம் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, குடையை எடுத்துக்கொண்டு எதற்கோ வெளியே போய்விட்டார்.

இப்படி ஆறு வருஷம் ஓடியது. இதற்கு நடுவில்தான் அந்த இன்டர்வியூக்கள் வந்தன.

அவருடைய ஆபீஸில் குமாஸ்தாக்கள் ஆபீசராக வேண்டுமென்றால் பரீட்சை எழுதி, பிறகு பெரிய அதிகாரிகள் முன்னால் இன்டர்வியூவுக்கு உட்கார வேண்டும். மூன்று தடவைதான் விடுவார்கள். மூன்றிலும் தவறினால் ஆயுசுக்கும் குமாஸ்தாதான். ஆபீசரானால் செம்பூரில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கும். நாங்கள் மூன்று பேர், ஒற்றை அறை, தண்ணீருக்கு வராந்தாக் கோடியில் வரிசை. என் பெண் தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்துத் தூங்குவாள். அந்தக் குழாயை நான் செம்பூருக்குப் போய்ப் பார்த்தே விட்டு வந்திருந்தேன். திறந்து மூடிப் பார்க்காததுதான் குறை.

முதல் தடவை இன்டர்வியூவில் தவறினார். இரண்டாம் தடவையும் தவறினார். பரீட்சையில் நல்ல மார்க், இன்டர்வியூவில்தான் போயிற்று. என்ன ஆயிற்று என்று கேட்டால், "கேள்வியெல்லாம் தெரிஞ்சதுதான். குரல் வரலை," என்பார். பயந்த சுபாவம் என்று நினைத்தேன். தொண்டைக்கு மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன், பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். வேறொன்றும் செய்தேன். இன்டர்வியூவுக்கு டை கட்ட வேண்டும் என்பதால், இரண்டு தடவையும் என் கையாலேயே அவருடைய கழுத்துப் பொத்தானை இழுத்துப் பிடித்துப் போட்டு, அதன் மேல் டையை இறுக்கி அனுப்பிவைத்தேன். முகம் சிவந்திருக்கும். நல்ல களையாக இருக்கிறது என்று திருஷ்டி கழித்தேன்.

மூன்றாவது இன்டர்வியூ ஜூலையில் ஒரு திங்கட்கிழமைக்கு வந்தது. அவர் வராந்தா விளக்கில் உட்கார்ந்து மாதக்கணக்காகப் படித்திருந்தார். நானும் என் பங்குக்கு வெள்ளைப் பாப்ளின் வாங்கி, பரீட்சித்துப் பழகிய என் கட்டிங்கில், முழுக்கைச் சட்டையாக ஒன்று தைத்து, காஜா போட்டு, இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். நான் தைத்ததிலேயே நேர்த்தியான சட்டை அதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் பேய் மழை. கதவைத் தட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்தார், தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட. என் கணவரோடு அறையில் தங்கியிருந்த அந்தப் பூனா நண்பர்தான். ஆபீஸ் வேலையாக வந்தவர், தாதரில் இறங்கி நடந்தே வந்திருந்தார். கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்கால டிபனுக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்று குடையோடு ஓடினார். நண்பருக்கு மாற்றிக்கொள்ள உடுப்பு கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் யார் வீட்டில் துணி காய்ந்தது? கொடியில் இருந்ததெல்லாம் ஈரம். உலர்ந்து கிடந்த சட்டை ஒன்றே ஒன்றுதான், திங்கட்கிழமைச் சட்டை. ஒரு மணி நேரம்தானே, பிறகு மறுபடி இஸ்திரி போட்டுக்கொள்ளலாம் என்று அதையும் ஒரு வேஷ்டியையும் கொடுத்துவிட்டு அடுப்பண்டை போனேன்.

அவர் தடுப்புக்குப் பின்னாலிருந்து சட்டையோடு வெளியே வந்தார். உயரமான ஆள். கழுத்து நீளமாக, மெலிந்து இருந்தது. கழுத்துப் பொத்தான் போட்டிருந்தார், அது லட்சணமாக உட்கார்ந்திருந்தது. தோள் தையல் சரியாகத் தோளின் முனையில் விழுந்தது. கை மணிக்கட்டில் வந்து நின்றது. என் கணவருக்கு அது விரல்வரை வரும், நான் மடித்து விடுவேன். ஆறு வருஷமாக என் சட்டை இப்படி உட்கார வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன், இப்போதுதான் அது உட்கார்ந்து பார்த்தேன். வேறொருவர் மேல்.

"அப்பா சட்டை மாமாக்குத்தான் நன்னா இருக்கு," என்றாள் என் பெண். குழந்தைகளுக்கு விவஸ்தை கிடையாது.

நண்பர் கையை மேலே தூக்கினார், பக்கவாட்டில் நீட்டினார். அவருக்கும் ஆச்சரியம். "மன்னி, எனக்கே அளவெடுத்துத் தச்சாப்பல இருக்கே. காலேஜ் முடிச்சப்போ எங்க ஊர்த் தையக்காரன் இப்படி ஒண்ணு தச்சுக் குடுத்தான், வெள்ளைல நீலக் கோடு போட்டது. அப்பறம் ஒருத்தனுக்கும் இந்த அளவு வரலை. அதை இங்கே ரூம்ல தோபி அடிச்சுண்டு போயிட்டான். அவனோட நான் போடாத சண்டையில்லை," என்றார்.

வெள்ளையில் நீலக் கோடு. என் கையில் இருந்த காபி டபராவைக் கீழே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கணவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார், ஒரு கையில் குடை, ஒரு கையில் பொட்டலம். நண்பர் மேல் இருந்த சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயை ஆறு வருஷம் சோற்றில் மறைத்தவர், அது வெளியே வந்து தன் எதிரிலேயே வேஷ்டி கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் என்ன செய்வார்? "காபி ஆச்சா?" என்று கேட்டார்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. பிரம்மசாரி அறையில் சட்டைக்குச் சொந்தக்காரன் கிடையாது, முதலில் எழுந்தவன் நல்லதைப் போட்டுக்கொள்வான். நண்பர் பூனா போகிறபோது அந்தச் சட்டை இவருடைய பெட்டியில் தங்கிவிட்டது. நான் அளவுச் சட்டை கேட்டபோது இவருடைய சட்டையெல்லாம் காலர் கிழிந்து கிடந்தன. புதுப் பெண்டாட்டியிடம் கிழிசலைக் காட்ட வெட்கப்பட்டு, இருந்ததில் நல்லதாக ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன், தபாலில் பூனாவுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். நான் பிளேடை எடுப்பேன் என்று அவருக்குத் தெரியாது. நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். தோபியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவன் எங்கே இருக்கிறானோ என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. இரண்டு இன்டர்வியூக்களும் ஞாபகத்துக்கு வந்தன. அந்தப் பொத்தானை இழுத்துப் போட்ட விரல் என் விரல். கஷாயமும் கொடுத்து, கழுத்தையும் நெரித்து அனுப்பியிருக்கிறேன். குரல் எங்கிருந்து வரும்? இதையெல்லாம்விட ஒன்று உள்ளே குத்தியது. ஆறு வருஷம் ஒரு மனுஷர் மூச்சுத் திணறிக்கொண்டு ஆபீஸ் போவார், கட்டின பெண்டாட்டியிடம் இறுக்குகிறது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாராம். நான் என்ன அப்படிப்பட்ட ராட்சசியா?

நண்பர் நல்ல மனுஷர், என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மழை விட்டதும் மார்க்கெட்டுக்குப் போய் மூன்று கஜம் வெள்ளைப் பாப்ளின் வாங்கி வந்து மெஷின் மேல் வைத்தார். "இந்தச் சட்டையை நான் கழட்டப்போறதில்லை மன்னி, இது என்னோட அளவு. அவன் அளவுக்கு நீங்க ஒண்ணு தச்சுக் குடுங்கோ," என்று சொல்லி, சட்டையோடேயே கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கையில் ஒரே ஒரு துணி. இடையில் ஒரே நாள். பிரிப்பதற்கு ஓர் அளவுச் சட்டையும் கிடையாது. அவருடைய அளவில் உலகத்தில் சட்டையே இல்லை, எல்லாம் நண்பரின் அளவில் நான் தைத்தவை. வெட்டுவதில் ஒரு தப்பு வந்தால், அவர் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் குரல் வராமல் திரும்பி வருவார். செம்பூர்க் குழாய் கண்ணெதிரே வந்து நின்றது.

டேப்பை எடுத்தேன். "இங்க வந்து நில்லுங்கோ," என்றேன். முந்தின நாளிலிருந்து நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். வந்து நின்றார். கழுத்தைச் சுற்றி டேப்பை வைத்தேன். என் கட்டிங்கைவிட ஓர் அங்குலம், அதற்கு மேலும் ஒரு கால். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்தக் கழுத்தை நான் அளப்பது அதுதான் முதல் தடவை. அவருடைய தோள் எவ்வளவு அகலம் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் எண்களை வைத்துக்கொண்டு எனக்கு வரையத் தெரியாதே. கடைசியில் நியூஸ் பேப்பரை எடுத்து அவர் மேலேயே சுற்றி, தோளிலும் பக்கத்திலும் குண்டூசி குத்தி, உடம்பு போகிற வழியில் கத்திரித்துக்கொண்டு வந்தேன். அசைந்தால் கிழியும், அசையாமல் நின்றார். நெஞ்சில் சோப்பு விளம்பரமும் முதுகில் மணமகன் தேவைப் பத்தியுமாக அவர் நின்ற கோலத்தைப் பார்த்துக்கொண்டே எதிர் வீட்டு மாமி மாவு வாங்க வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மாமி மோவாயில் கையை வைத்தாள். "அதானா? எங்காத்து மாமா அந்தச் சட்டையைப் போட்டுண்டா பரண்லேர்ந்து ஒரு சாமான் எடுத்துத் தரமாட்டார். சோம்பேறித்தனம்னுன்னா நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு, மாவை மறந்து, இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

என் வாயில் அரை டஜன் குண்டூசி இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் பேச ஆரம்பித்தார்.

"மொதல் சட்டையைத் தச்சுட்டு, நான் போட்டுக்கறதைப் பாக்கணும்னு கதவண்டை நின்னுண்டிருந்தே. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?" என்றார். "சரி, ரெண்டாவது சட்டைல சொல்லலாம்னு இருந்தேன். அப்போ சொன்னா மொதல்ல நன்னா இருக்குன்னது பொய்னு ஆயிடும். அப்பறம் பழகிடுத்து."

ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டேன், "என்னண்ட சொல்றதுக்குப் பயமா?"

அவர் யோசித்தார். மெதுவாக, "பயம்னு இல்லை. நீ சந்தோஷமா இருந்தே. அதுல போய் நான் எதுக்குக் கையை வைக்கணும்?" என்றார்.

அதற்கு மேல் கோபப்படவும் முடியவில்லை. தோளில் ஓர் ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினேன். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, மனுஷர்.

மத்தியானத்துக்குள் சட்டை உருவாகிவிட்டது. காஜாவுக்குத் தாராவி போனேன். ஞாயிற்றுக்கிழமையிலும் அண்ணாச்சியின் கொட்டகை திறந்திருந்தது. சட்டையை விரித்தார், காலரைத் தடவினார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது வேற சாருக்காம்மா?"

"அதே சாருக்குத்தான் அண்ணாச்சி," என்றேன்.

அவர் கழுத்துப் பொத்தானுக்கான காஜாவை மட்டும் இரண்டு தடவை நூல் ஓட்டிப் பலமாகப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் கழுத்துப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். நான் கிட்டே போகவில்லை. போகிறபோது வாசலில் நின்று, எதற்கென்று இல்லாமல் கையை ஒரு தடவை மேலே தூக்கி இறக்கிப் பார்த்தார். பிறகு மழையில் இறங்கிப் போனார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாம்பாரில் உப்புப் போட்டேனா என்று மூன்று தடவை சந்தேகம் வந்து, மூன்று தடவையும் போட்டேன். சாயங்காலம் அவர் வந்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டேன். அதிகாரிகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன், குரல் வந்தது, ஒருத்தர் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்னார் என்றார். அவருக்கு அந்த வேலை கிடைத்தது. அடுத்த மாதம் கடிதம் வந்தது, செம்பூருக்குப் போனோம், குழாயில் தண்ணீர் வந்தது. சட்டையால்தான் கிடைத்தது என்று நான் சொல்வேன், படித்ததால் கிடைத்தது என்று அவர் சொல்வார்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அவர் என் எதிரில் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும்," என்றார்.

சொல்லுங்கள் என்றேன்.

"இடது கை அரை இஞ்ச் நீளம். எழுதிண்டு உக்காந்தா மேஜைல தேச்சுக்கறது." இதைச் சொல்லிவிட்டு ஓர் அடி பின்னால் வைத்தார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆபீசர் கடிதம் வந்த அன்றுகூட நான் அழவில்லை. அவர் பதறிப்போய், பரவாயில்லை, மடித்து விட்டுக்கொள்கிறேன் என்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மடிக்க வேண்டாம். கழட்டிக் குடுங்கோ, பிரிச்சுத் தைக்கறேன்," என்றேன். பிளேடைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "வேற என்னெல்லாம் சரியில்லை? ஒண்ணு விடாமச் சொல்லுங்கோ."